பால் குண்டான் தேய்த்த பட்டை

பால் குண்டானின் அடியில் பிடித்த கருகலைச் சிந்தாமணி தேய்த்துக்கொண்டிருந்தாள்; தேங்காய் நாரால் இல்லை, கடையில் விற்கிற கம்பிச் சுருளால் இல்லை, ஒரு சாண் நீளமும் இரண்டு விரல் அகலமும் கொண்ட, சடைபோல் பின்னிய, இரண்டு முனையிலும் போல்ட்டு நுழைகிற ஓட்டை வைத்த ஒரு செம்புப் பட்டையால் தேய்த்துக்கொண்டிருந்தாள், தேய்க்கத் தேய்க்கக் குண்டான் வெளுத்தது, பட்டை சிவந்தது, அவள் தலை மட்டும் இன்னும் கொஞ்சம் குனிந்தது. அந்தப் பட்டை அவள் கைக்கு வந்து எட்டு மாதம். அது நர்ஸம்மாவின் காருக்குச் சொந்தமானது. அதை எடுத்தது யாரென்று அவளுக்கும் அந்தக் குண்டானுக்கும் மட்டும்தான் தெரியும். இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை, எட்டு மணிக்கு நர்ஸம்மாவின் கார் வரும், அதற்குள் பட்டையைப் புளி போட்டுத் துலக்கி எடுத்துவிட வேண்டும் என்று அவள் கை அவசரப்பட்டது.

குமாரபாளையத்தில் பைபாஸ் ரோட்டோரம், லாரி எடைமேடைக்கு எதிரில், ஒரே தகரக் கூரையின் கீழ் ஏழு பட்டறைகள் இருந்தன. மூன்றாவது, வயரிங் வேலை பார்க்கும் சென்னியப்பனுடையது. நான்காவது, இன்ஜின் வேலை பார்க்கும் நாச்சிமுத்துவுடையது. சிந்தாமணி சென்னியப்பனின் மனைவி. பட்டறையின் முதுகில் ஒட்டிப் போட்ட இரண்டு அறைகளில், ஒன்றரை வயது மகன் மகியை வைத்துக்கொண்டு குடியிருந்தாள். அஞ்சாவதோடு பள்ளிக்கூடம் நின்றது, நாலு பேர் நிற்கிற இடத்தில் நிமிர்ந்து பார்க்கிற பழக்கம் மட்டும் இன்னும் வரவேயில்லை, கல்யாணமாகி மூன்று வருஷமாகியும் டீ டம்ளரைக் கொண்டுவந்து மட்கார்டின் மேல் வைத்துவிட்டு, டீ என்று சொல்லவும் வாய் வராமல், வளையலை ஒருதரம் குலுக்கிவிட்டுப் போகிறவள் அவள்.

அந்த வரிசைக்கு ஒரு முறை உண்டு. ஒருத்தர் வேலையில் இன்னொருத்தர் கை வைக்கக்கூடாது. வயரிங்காரன் ஸ்பேனர் இன்ஜின் போல்ட்டைத் தொடாது, இன்ஜின்காரன் விரல் வயரைத் தொடாது. ஒரே ஒரு சாமான் மட்டும் இரண்டு பேருக்கும் பாதிப் பாதி, அது எர்த் பட்டை, இன்ஜினையும் வண்டி உடம்பையும் சேர்த்துக் கட்டுகிற செம்புப் பட்டை, பேட்டரியிலிருந்து கிளம்பிப் போன கரண்டெல்லாம் அதன் வழியாகத்தான் வீடு திரும்ப வேண்டும். இன்ஜினை இறக்கினால் பட்டையைக் கழற்றிச் சுரண்டிச் சுத்தம் செய்து, ஒரு சாக்கை விரித்து அதன்மேல் வைப்பது வயரிங்காரன் வேலை, திரும்ப இன்ஜினை ஏற்றும்போது சாக்கிலிருந்து எடுத்து முடுக்குவது இன்ஜின்காரன் வேலை. "வெச்சியா?" என்று இவன் அவனைக் கேட்கமாட்டான், "முடுக்கினியா?" என்று அவன் இவனைக் கேட்கமாட்டான். கேட்டால் ஒருத்தன் தொழிலை இன்னொருத்தன் சந்தேகப்பட்டதாகிவிடும். பதினோரு வருஷமாக அப்படிக் கேட்காமலேதான் சென்னியப்பனும் நாச்சிமுத்துவும் ஒரு சிகரெட்டைப் பாதியாக உடைத்துப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

எட்டு மாதத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை. கமலவேணி நர்ஸம்மாவின் பழைய வெள்ளைக் கார் கிளட்ச் வேலைக்காக இன்ஜின் இறங்கிக் கிடந்தது. சென்னியப்பன் பட்டையைச் சுத்தம் செய்து சாக்கின்மேல் வைத்தான், வைத்த கையோடு எடைமேடையில் நின்ற லாரிக்காரன் விளக்கு எரியவில்லை என்று கூப்பிட்டான், போய்விட்டான். சனிக்கிழமைதோறும் இரண்டு பட்டறையையும் கூட்டிப் பெருக்கி, எண்ணெய்த் துணியும் வெட்டுத் துண்டு வயர்களும் பொறுக்கிப் போடுவது சிந்தாமணியின் வேலை. சாக்கை உதறினாள், பட்டை விழுந்தது, வெயிலில் மின்னியது, மெத்தென்று கைக்கு இதமாக இருந்தது. அன்று காலையில்தான் மகி அழுதான் என்று ஓடியதில் பால் அடிப்பிடித்திருந்தது. கழிவுதானே என்று எடுத்துக்கொண்டாள். கேட்டிருக்கலாம். இது வேணுமுங்களா என்று இரண்டே இரண்டு வார்த்தை, ஆனால் அங்கே நாச்சிமுத்துவும் இன்னும் இரண்டு லாரிக்காரர்களும் நின்றார்கள்.

நாச்சிமுத்து வந்து இன்ஜினை ஏற்றினான். சாக்கின்மேல் பட்டை இல்லை. பாதி அவன் சாமான்தானே, சென்னியப்பனே முடுக்கிவிட்டான்போல என்று நினைத்தான், கேட்கவில்லை. சென்னியப்பன் வந்து பார்த்தான், சாக்கு மடித்துக் கிடந்தது. நாச்சிமுத்து முடுக்கிவிட்டான் என்று நினைத்தான், கேட்கவில்லை.

அன்று சாயங்காலமே நர்ஸம்மாவின் கார் பட்டறையிலிருந்து இறங்கி எடைமேடையைத் தாண்டும் முன் நின்றுபோனது. ஹாரனை அழுத்தினால் வைப்பர் ஆடியது, இன்டிகேட்டரைப் போட்டால் முன்விளக்கு மங்கியது, இன்ஜின் கிளம்பினாலும் காய்ச்சல்காரனைப்போல் உடம்பெல்லாம் உதறியது, கதவுக் கண்ணாடிகள் நறநறவென்று பல்லைக் கடித்தன. ஏழு பட்டறையும் கூடிவிட்டது. மகியை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓரமாக வேடிக்கை பார்த்த சிந்தாமணி, பின்னால் ஒரு லாரி வந்ததும் ஒதுங்க இடமில்லாமல் காரின் பானட்டின்மேல் கையை ஊன்றினாள். ஊன்றியதும் கார் அமைதியானது. உதறல் நின்றது, விளக்கு பளிச்சென்று எரிந்தது, இன்ஜின் அடுப்பில் சிம்மில் வைத்த குழம்பைப்போல ஒரே சீராகக் கொதித்தது. கையை எடுத்தாள், உதறியது. வைத்தாள், அடங்கியது.

"ஏம்மிணி, அப்படியே கையை வெச்சுக்க, எடுத்துறாத," என்றான் நாச்சிமுத்து. அவ்வளவுதான். பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்வதுபோலச் சொன்னான், அவளும் வைத்துக்கொண்டு நின்றாள், நர்ஸம்மா முன்கதவைத் திறந்து, "கைய வெச்சுக்கிட்டே எப்படிக் கூட ஓடுவ, பையனோட ஏறி உக்காரு, வீட்டுல கொண்டு போய் விட்டுட்டு ஆட்டோவுல அனுப்பறேன்" என்றார். சிந்தாமணி முதன்முதலாகக் காரில் முன்சீட்டில் ஏறியது அப்படித்தான்.

ஊர் அதை வெகு சீக்கிரம் பழக்கமாக்கிக்கொண்டது. பழைய வண்டி வைத்திருக்கிறவர்களுக்கெல்லாம் ஒரு தீராத நோவு இருந்தது, வீட்டில் இருக்கும்போது வரும், பட்டறைக்குக் கொண்டுவந்தால் வராது, மேட்டில் வரும், பள்ளத்தில் வராது, மழைக்கு முந்தின நாள் வரும், மழையன்று வராது. எந்த நோவானாலும் சிந்தாமணி ஏறி உட்கார்ந்தால் இறங்கும்வரை தலைகாட்டவில்லை. ஆகவே கல்யாணக் காருக்கு அவளைக் கேட்டார்கள், மாப்பிள்ளை அழைப்பில் மாப்பிள்ளைக்கும் மாப்பிள்ளைத் தோழனுக்கும் நடுவில் மடியில் மகியோடு அவள் உட்கார்ந்திருந்தாள், போட்டோவில் எல்லாரும் சிரித்தார்கள், அவள் மட்டும் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பொண்ணு வீட்டார், பொண்ணு இதுதானா என்று ஒருதரம் ஆரத்தியையே அவளுக்குச் சுற்றிவிட்டார்கள். ஆயுத பூஜைக்குப் பூசாரி சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்த கையோடு அவள் நெற்றிக்கும் குங்குமம் வைத்து, "அடுத்தது," என்றார். தேர்தலுக்கு நின்ற ஒருவர் தன் ஜீப்பில் மைக் அடிக்கடி அறுந்துபோகிறது என்று அவளை ஏற்றிக்கொண்டு போனார், வேட்டிகளுக்கு நடுவே முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு அவள் உட்கார்ந்திருக்க, மைக் இரண்டேகால் மணி நேரம் ஒரு இமைப்பொழுதும் அறுபடவில்லை, ஊர்க்காரர்கள் முழுப் பேச்சையும் கேட்க வேண்டியதாயிற்று. "ஏஞ்சாமி, நடுவுல கொஞ்சம் எந்திரிச்சு நின்னிருக்கக் கூடாதா நீ?" என்று டீக்கடை ருக்மணியக்கா ஒரு வாரம் திட்டினாள்.

ருக்மணியக்காவேதான் தேதியும் குறித்து வைத்தாள். டீக்கடை நாள்காட்டியில் தாளுக்குத் தாள் எழுதியிருக்கும். வளைகாப்பு, சங்ககிரி, காலை. பொண்ணுப் பார்க்க, மேட்டூர், மதியம். செவ்வாயும் வெள்ளியும் மட்டும் யாருக்கும் கிடையாது. அந்த இரண்டு நாளும் நர்ஸம்மாவுக்கு.

நர்ஸம்மாவின் கணவர் திருமூர்த்திக்கு இரண்டு கிட்னியும் வேலை செய்யவில்லை. வாரத்தில் இரண்டு தரம் ஈரோட்டுக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும், ஒரு தரம் தவறினாலும் உடம்பு வீங்கி மூச்சு முட்டும். வேறு வண்டியில் ஏற்றினால் வாந்தி எடுத்தார், அந்தக் காரின் பின்சீட்டு மட்டும் அவர் உடம்பின் பள்ளம் மேடெல்லாம் தெரிந்துவைத்திருந்தது. அந்த வண்டி போய்ச் சேருவதும் வழியில் நிற்பதும் சிந்தாமணி ஏறுவதில் இருந்தது. மகி பிறந்தபோது இரவெல்லாம் உடனிருந்து, கொடி சுற்றிக்கொண்ட பிள்ளையைக் காப்பாற்றிக் கையில் கொடுத்தது அதே நர்ஸம்மாதான். காரில் போகும்போது அவர் பேசிக்கொண்டே ஓட்டுவார். "உன்னைய மாதிரி ஒருத்தி கெடைக்க நான் என்ன புண்ணியம் பண்ணுனனோ அம்மிணி. கைக்கொழந்தையத் தூக்கிக்கிட்டு, மூஞ்சி சுளிக்காம வர்ற பாரு." சிந்தாமணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். வெட்கப்படுகிறாள் என்று அவர் நினைத்துக்கொள்வார். பின்சீட்டில் படுத்திருக்கும் திருமூர்த்தி அதிகம் பேசமாட்டார், இறங்கும்போது மட்டும், "சின்னம்மிணி, வர்றேன்," என்பார், அவளிடம் விடைபெற்றுக்கொள்ள வேண்டும் என்று அவருக்கு ஒரு கணக்கு.

அவளுக்கு விஷயம் தெரிந்தது மூன்று வாரம் கழித்துத்தான். வேறொரு வண்டியின் பட்டையைச் சுரண்டிக்கொண்டிருந்த சென்னியப்பன், எட்டி எட்டிப் பிடிக்க வந்த மகியிடம் அதைக் காட்டி, "டேய், இதென்னன்னு தெரியுமா, கரண்டு வீட்டுக்கு வர்ற வழி. இது இல்லைன்னா போன கரண்டு தெருத்தெருவா அலைஞ்சுக்கிட்டுத் திரியும், கண்ட கம்பிக்குள்ள பூந்து வண்டியவே ஆட்டி வெக்கும்," என்றான். டீயோடு நின்றிருந்த சிந்தாமணிக்குப் பால் குண்டான் நினைவுக்கு வந்தது. டம்ளரை வைத்தாள். வளையலைக் குலுக்க மறந்துபோனாள்.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். அன்றைக்குச் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள், குண்டான் தேய்க்கவா எடுத்த என்று நாச்சிமுத்து ஒரு மாதம் கேலி செய்திருப்பான். பத்தாம் நாள் சொல்லியிருந்தால் திட்டியிருப்பார்கள். அதற்குள் இரண்டு ஆண்களுக்கும் சண்டை முற்றிவிட்டது. சென்னியப்பன் இது இன்ஜின் உதறல் என்றான், இன்ஜினைத் தாங்குகிற மவுண்டிங் ரப்பரைப் பார்க்கச் சொன்னான். நாச்சிமுத்து இது மிஸ்ஃபயர், பிளக்கில் பொறி தவறுகிறது என்றான், வயரைப் பார்க்கச் சொன்னான். "என்ற வேலையில நொட்டை சொல்றதுக்கு நீ யாருடா?" என்று இவனும், "பிளக்குக்குக் கரண்டு ஒழுங்காக் குடுக்கத் துப்பில்ல, இன்ஜினைச் சொல்றான்" என்று அவனும் ரோட்டில் நின்று கத்தினார்கள், சிகரெட்டை முழுசு முழுசாகப் பிடிக்க ஆரம்பித்தார்கள், நடுச்சுவரில் இருந்த திறப்பில் நாச்சிமுத்து டயர்களை அடுக்கி மறைத்தான். நாற்பதாம் நாள் சொன்னால் என்ன ஆகும் என்று அவளால் நினைத்துப் பார்க்கவும் முடியவில்லை. ஒவ்வொரு நாளும் நேற்றுச் சொல்லாததையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. பட்டையைத் திரும்பச் சாக்கில் போட்டுவிடலாம் என்று எடுத்துப் போவாள், ஆள் இருக்கும், எடுத்து வருவாள். வந்ததற்கு ஒரு காரணம் வேண்டுமே என்று எதையாவது தேய்ப்பாள். அந்த வரிசையிலேயே அவள் வீட்டுப் பாத்திரம்தான் பளபளப்பு என்று பெயர்.

சென்னியப்பனோ உள்ளுக்குள் கருகிக்கொண்டிருந்தான். ஒரு காலத்தில் பள்ளிபாளையம்வரை அவனுக்குப் பேர், கரண்டு வருகிறதா என்று பார்க்கிற டெஸ்ட் லேம்ப்பைக் கையில் எடுக்கும் முன்னே மூக்கால் முகர்ந்து, "டேஷ்போர்டுக்குப் பின்னால, இடது மூலையில லூஸா இருக்குது," என்பான், இருக்கும். இப்போது நர்ஸம்மா, "ஆக்சிலேட்டர் கம்பி சுடுதப்பா," என்பார், அவன் பானட்டைத் திறந்து தொடும் நேரம் சிந்தாமணி டீயோடு வந்து நிற்பாள், கம்பி ஜில்லென்றிருக்கும். டெஸ்ட் லேம்ப் பிரகாசமாக எரியும். "நல்லாத்தானுங்க இருக்குது," என்பான் அவன், அவன் முகத்தைப் பார்த்து நர்ஸம்மா தலையைத் திருப்பிக்கொள்வார். இப்போதெல்லாம் வண்டிக்காரர்கள் அவனிடம் நோவைச் சொல்வதே இல்லை. "அம்மிணி இருக்குதுங்களா?" என்று கேட்டார்கள்.

"நீ பக்கத்துல வந்தா அது ஒளிஞ்சுக்குது சிந்தா," என்றான் ஒருநாள், கோபமாகக்கூட இல்லை, சோற்றைப் பிசைந்துகொண்டே. "மொகத்தையே காட்டாத நோவ நான் எப்படிப் புடிக்கறது? ஒரு நாளாச்சும் உங்கம்மா வீட்டுல போய் இரு." செவ்வாய், வெள்ளி படாமல் பார்த்து அவள் இரண்டு நாள் போயிருந்தாள். அந்த இரண்டு நாளில் அவன் நாலு வண்டியின் நோவைக் கண்டுபிடித்துக் குளிக்காமல் சாப்பிடாமல் சந்தோஷமாக இருந்தான், நர்ஸம்மாவின் கார் மட்டும் வரவில்லை, நடுவழியில் நின்றால் வந்து கை வைக்கச் சிந்தாமணி ஊரில் இல்லாதபோது அதைத் தெருவில் இறக்க நர்ஸம்மாவுக்குத் துணிச்சல் இல்லை. வண்டியின் அடியில் படுத்து ஒரு தரம் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ஆனால் அடிப்பக்கம் நாச்சிமுத்துவின் இடம், சென்னியப்பன் படுக்கமாட்டான். பட்டை சென்னியப்பனின் சாமான், நாச்சிமுத்து தேடமாட்டான்.

போன வெள்ளிக்கிழமைதான் அது நடந்தது. மகிக்குக் காய்ச்சல், நூற்று மூன்று. நர்ஸம்மாவே தொட்டுப் பார்த்து மருந்து கொடுத்து, "நீ வர வேண்டாம் அம்மிணி, பையனப் பாரு. பழகுன வழிதான, மெதுவா உருட்டிக்கிட்டுப் போயிடறேன்," என்று சொல்லிவிட்டுப் போனார். கார் உதறிக்கொண்டே போவதை அவள் வாசலில் நின்று பார்த்தாள். காவிரிப் பாலத்தின் நடுவில் அது நின்றுவிட்டது. முன்னும் பின்னும் லாரி, நடுவெயில், இறங்க இடமில்லை, ஆம்புலன்ஸ் உள்ளே வர வழியில்லை. இரண்டு மணி நேரம். கடைசியில் நாலு தறிக்காரர்கள் திருமூர்த்தியை ஒரு நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கிக்கொண்டு பாலத்தை நடந்தே கடந்தார்கள். ஆஸ்பத்திரியில் மூன்று நாள் வைத்துக்கொண்டார்கள். திரும்பி வந்தவரை சிந்தாமணி பார்க்கப் போனாள். முகம் சாம்பல் பூத்து, கை உப்பி, மோதிரத்தை வெட்டி எடுத்திருந்தார்கள். அவர் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்து, "சின்னம்மிணி, பையனுக்குக் காய்ச்சல் விட்டுதா?" என்றார்.

அந்தக் கேள்விதான், பட்டையைத் திருப்பி வைத்துவிடுவது என்று அவளை இந்தப் புளிக்குக் கொண்டுவந்து சேர்த்தது.

பட்டையைக் கழுவி முந்தானையால் துடைத்தாள். புதுசாகப் பின்னியதுபோல் இருந்தது, அப்படி இருந்ததும் அவளுக்குக் கூச்சமாக இருந்தது. நகக்கண்ணில் மட்டும் எட்டு மாதத்துப் பச்சைக் களிம்பு போகவில்லை. வெளியே வண்டிச் சத்தம் கேட்டது, உதறல் சத்தம், கண்ணாடிகளின் நறநறப்பு. மகியை இடுப்பில் வைத்துக்கொண்டு, பட்டையைக் கொசுவத்துக்குள் செருகிக்கொண்டு பட்டறைக்குள் வந்தாள். அவள் வரவர உதறல் அடங்கியது.

"இன்னிக்காவது எனக்கு ஒரு வழி சொல்லு சென்னியப்பா," என்றார் நர்ஸம்மா, பின்சீட்டில் திருமூர்த்தி படுத்திருக்க, ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமலே. "ரெண்டு பேர்த்துல யார் தப்புன்னு எனக்கு வேண்டாம். இவரு உசுரு வேணும்." சென்னியப்பன் பானட்டைத் திறந்தான். தன் பட்டறை வாசலில் நின்றபடி நாச்சிமுத்து இங்கே பார்க்காததுபோல் பார்த்துக்கொண்டிருந்தான். சிந்தாமணி ஒரு சாக்கை எடுத்தாள், மட்கார்டின்மேல் விரித்தாள், எட்டு மாதத்துக்கு முன் அது விரிந்திருந்த அதே இடம்தான். அதன் நடுவில் பட்டையை வைத்தாள். வளையலைக் குலுக்கினாள்.

சென்னியப்பன் டீ என்று நினைத்துக் கையை நீட்டினான். நீட்டிய கை அப்படியே நின்றது.

"இதேது?" என்றான்.

அவன் பட்டையை எடுத்து இரண்டு முனையின் ஓட்டையையும் பார்த்தான், ஒரு ஓட்டையின் விளிம்பில் அவன் அரம் பட்ட தடம் இருந்தது, அவன் கை அவனுக்குத் தெரியாதா. பேசாமல் இருந்த மாதங்களையெல்லாம் மறந்து, "நாச்சி," என்றான், "அடியில படுத்துப் பாரு." நாச்சிமுத்து வந்தான், ஒன்றும் கேட்காமல் படுத்து உள்ளே போனான், கால் மட்டும் வெளியே தெரிந்தது. பிறகு வெளியே வந்தான்.

"பட்டையே இல்லடா."

ஏழு பட்டறையும் வந்து நின்றது, டீக்கடை ருக்மணியக்கா கரண்டியோடு வந்து நின்றாள். நாச்சிமுத்துவுக்குக் குரல் உயர்ந்தது. "அப்ப நீ வெக்கவே இல்ல! எட்டு மாசமா என்ற பொழப்பக் கெடுத்து, என்ற இன்ஜினைச் சொல்லி, என்னைய ரோட்டுல நிக்க வெச்சு..." சென்னியப்பன் அவனைப் பார்க்கவில்லை. சிந்தாமணியின் கையைப் பார்த்தான். மகியின் முதுகைப் பிடித்திருந்த அந்த விரல்களில், நகக்கண்ணில், பச்சை. செம்பு விடுகிற பச்சை வேறெதிலும் வராது என்று அந்த ஊரில் அவனைவிடத் தெரிந்தவன் யார். அவளுடைய பளபளப்புக் குண்டான்களெல்லாம் ஒவ்வொன்றாக அவன் முகத்தில் வந்து போவதை அவள் பார்த்தாள். அவ்வளவுதான், தீர்ந்தது என்று நினைத்தாள், பூமி பிளந்தாலும் பரவாயில்லை, சொல்லாமலே தெரிந்துவிட்டது, இனிச் சொல்ல வேண்டாம்.

அவன் நிமிர்ந்து, "ஆமா நாச்சி," என்றான். "வெக்க மறந்துட்டேன். தப்பு என்றதுதான்."

பதினோரு வருஷத்தில் சென்னியப்பன் தப்பு என்ற வார்த்தையைத் தன் பேரோடு சேர்த்துச் சொல்லி யாரும் கேட்டதில்லை. நாச்சிமுத்து பட்டையை வாங்கிக்கொண்டு மறுபடி அடியில் போனான், முடுக்கினான். "இப்ப எடுத்துப் பாக்கோணும்," என்றான், "அம்மிணி இருந்தா தெரியாது. அந்தப் பக்கம் அனுப்பு." சிந்தாமணி ரோட்டைத் தாண்டி எடைமேடைக்குப் போய் நின்றாள். இன்னும் தள்ளி என்று கை காட்டினார்கள். இன்னும் தள்ளிப் போனாள். குடிதண்ணீர்த் தொட்டியோரம் போய் நின்றாள், அங்கே நின்று இந்தப் பக்கம் பார்த்தாள்.

ருக்மணியக்கா ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து காரின் பானட்டின்மேல் வைத்தாள். நர்ஸம்மா சாவியைத் திருகினார். கார் கிளம்பியது. தண்ணீர் அசையவில்லை. ஹாரன் ஹாரனாகவே அடித்தது, வைப்பர் தன் பாட்டுக்குக் கிடந்தது, விளக்கு விளக்காக எரிந்தது. சிந்தாமணி இல்லாமலே எரிந்தது. யாரோ கை தட்டினார்கள்.

அப்போது நர்ஸம்மா காரிலிருந்து இறங்கினார். அவ்வளவு தூரத்துக்கு வார்த்தை கேட்கவில்லை, பிறகு கேட்டது, அவர் அவ்வளவு சத்தமாகப் பேசி யாரும் கேட்டதில்லை. "ஒரு துண்டுப் பட்டை! எட்டு மாசம்! பாலத்துல இவரு மூச்சுக்குத் தவிச்சாரே, நீ பாத்தியா சென்னியப்பா? நம்பித்தான உங்கிட்ட வந்தேன்? இனிமே நீ வண்டியத் தொட்டு நோவு பாக்கறேன்னு எவங்கிட்டயாவது சொல்லு, நான் வந்து சொல்றேன் நீ யாருன்னு." சென்னியப்பன் கையில் கிரீஸ் துணியைப் பிடித்துக்கொண்டு தலை குனிந்து நின்றான். அப்படிக் குனிந்து நிற்பது எப்படி என்று அந்த வரிசையில் ஒருத்திக்குத்தான் தெரியும், அது அவளுடைய நிற்றல், அவள் பிறந்ததிலிருந்து நின்று பழகிய நிற்றல், அதை அவள் புருஷன் எடுத்துப் போட்டுக்கொண்டு நிற்கிறான், அவனுக்கு அது கொஞ்சமும் பொருந்தவில்லை.

சிந்தாமணி ரோட்டில் இறங்கினாள். லாரிக்காரன் ஹாரன் அடித்தான், அவள் ஒதுங்கவில்லை, லாரி நின்றது. இடுப்பில் மகி, நெற்றியில் போன ஆயுத பூஜைக்குப் பூசாரி வைத்தது இன்னும் போகாததுபோல ஒரு எரிச்சல், கூட்டம் விலகியது, அவள் நர்ஸம்மாவின் முன்னால் வந்து நின்று, வாழ்க்கையில் முதன்முறையாக நாலு பேருக்கு நடுவில் நிமிர்ந்தாள்.

"நர்ஸம்மா," என்றாள். "அவரத் திட்டாதீங்க. அவரு வெச்சாருங்க. சாக்கு மேல வெச்சாரு. நாந்தான் எடுத்தேன்."

"சிந்தா, சும்மா இரு," என்றான் சென்னியப்பன்.

"நாந்தானுங்க. அன்னிக்குப் பால் அடிப்புடிச்சுப் போச்சு. கழிவுன்னு நெனச்சுத் தூக்கிட்டுப் போயிட்டேன், கேக்க வெக்கமா இருந்துச்சு, நாச்சிண்ணன் நின்னாரு, லாரிக்காரங்க நின்னாங்க. அப்புறம் தெரிஞ்சுது. தெரிஞ்சும் சொல்லலைங்க. உங்க வண்டியில முன்னாடி உக்காந்துக்கிட்டே வந்தேன், நீங்க புண்ணியம் புண்ணியம்னீங்க..."

நாச்சிமுத்து தன் கையிலிருந்த ஸ்பேனரைப் பார்த்துக்கொண்டிருந்தான். நர்ஸம்மாவின் உதடு திறந்தது, அந்த முகத்தில் என்ன வருகிறது என்று தெரிவதற்குள் மீதியையும் சொல்லிவிட வேண்டும் என்று சிந்தாமணிக்குத் தோன்றியது, எட்டு மாதத்தையும், ஒவ்வொரு நாளையும், ஒன்று விடாமல், அவள் கை தன்னையறியாமல் காரின் கதவில் ஊன்றியிருந்தது, கார் அதற்காக அடங்கவும் இல்லை, உதறவும் இல்லை, தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"பாலத்துல நின்ன அன்னிக்கு நான் வாசல்லயே நின்னு பாத்தனுங்க, வண்டி ஒதறிக்கிட்டுப் போகுது, ஓடியாந்து சொல்லிருக்கோணும், ஒரு வார்த்தை, அந்தப் பட்டை என்ற வீட்டுலதான் இருக்குதுன்னு, அப்பவே நான் அதக் கொண்டாந்து உங்க கையில..."

"சின்னம்மிணி," என்று பின்சீட்டிலிருந்து குரல் வந்தது.

திருமூர்த்தி தலையணையிலிருந்து தலையைத் தூக்கியிருந்தார். உப்பிய கையால் முன்சீட்டின் முதுகை இரண்டு தரம் தட்டினார், எப்போதும் அவள் உட்காருகிற இடம்.

"மணி எட்டரை ஆச்சு," என்றார். "ஏறு, போலாம். பையனுக்கு வெயில் அடிக்குது பாரு."

சிந்தாமணி திரும்பி அவரைப் பார்த்தாள், கண்ணீரில் அவர் முகம் தெரியவில்லை, கதவு திறந்திருந்தது, மகி ஏற்கெனவே உள்ளே தாவக் கையை நீட்டினான், அவள் குனிந்துகொண்டே, இன்னும் முடிக்காததை முடித்துவிட்டே ஏற வேண்டும் என்று, "ஏர்றனுங்க, ஆனா இத மட்டும் கேட்டுக்குங்க, அன்னிக்கு நான் அதத் துணியில சுத்தி எடுத்துக்கிட்டு, உங்க வண்டி திரும்பறதுக்குள்ள வாசலத் தாண்டி ஓடியாந்திருக்கோணுமுங்க," என்று சொல்லிக்கொண்டே ஏறி உட்கார்ந்தாள், நர்ஸம்மா சுற்றி வந்து ஸ்டியரிங்கைப் பிடித்தார்.